தோஷம் காட்டும் முத்துமாலை

ராயபுரத்தில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். முத்துமணி சித்தர் வந்திருக்கிறார்! ஜாதகம் வேண்டாம், கைரேகை வேண்டாம். கல்யாணப் பெண்ணின் கழுத்தில் ஒரு முத்துமாலையைப் போடுவார். செம்பிலிருந்து அதன்மேல் தீர்த்தம் விட்டுப் பட்டுத்துணியால் துடைப்பார். முத்து மின்னினால் பெண் சுத்தம். முத்து தோலுரிந்தால் தோஷம்!

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடியைப் பிடித்திருந்தார். வரிசை படிக்கட்டில் இறங்கி, டீக்கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாப் வரை நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு எங்கள் தெரு ஆலிஸ் அக்காவும் மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். "எதுக்கும் இங்கயும் ஒரு தபா பாத்துடலாம்" என்றார். மூடநம்பிக்கையில் மட்டும் நம் ஊரில் மதச்சண்டையே கிடையாது.

ஒரு விசேஷம் கவனித்தேன். பஸ்ஸில் வந்த பெண்களுக்குப் பெரும்பாலும் தோஷம் இல்லை. கை நிறைய வளையலோடு காரில் வந்து இறங்கியவர்களுக்குத் தவறாமல் தோஷம். கிரகங்களுக்கும் ஆளைப் பார்த்து எடைபோடத் தெரிகிறது!

பரிகாரமும் அவரிடமே கிடைக்கும். "ஆழ்கடல் முத்து மகளே. இங்கிருக்கும் மாலை எல்லாம் இமயமலையில் நாற்பத்தொரு நாள் ஜபித்து என் கையால் கோத்தவை" என்பார். பரிகார மாலை நாற்பதாயிரம். கடல்முத்தைக் கோக்க இமயமலைக்கு ஏன் போனார் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

அன்றைக்கு மங்கம்மா வந்தாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். கடலுக்கு மீன்பிடிக்கப் போகும் ஒரே மகன் திருமுருகனுக்குப் பவானியை நிச்சயம் பண்ணியாயிற்று. பத்திரிகை அடிப்பதுதான் பாக்கி. மகனையும் மருமகளாகப் போகிறவளையும் கூட்டிக்கொண்டு, கை நிறைய வளையலோடு வந்திருந்தாள். அத்தனையும் கவரிங் என்பது சித்தரின் ஞானக்கண்ணுக்குத் தெரியவில்லை.

தீர்த்தம் விட்டார். துடைத்தார். முத்து தோலுரிந்தது.

"தாலி ஏறிய நாற்பத்தெட்டாம் நாள் உன் மகனைக் கடல் எடுத்துக்கொள்ளும்" என்றார் சித்தர், கண்ணை மூடிக்கொண்டு.

மங்கம்மா மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவள் புருஷனைக் கடல்தான் கொண்டுபோனது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதற்கு விலை போட்டு விற்கிறவனைத்தான் செய்கிறேன்.

"நீ நல்ல பொண்ணுதாம்மா. ஆனா எனக்குக் கீறது ஒரே புள்ள. நாப்பதாயிரத்துக்கு நான் எங்க போவேன்? இந்தக் கண்ணாலம் வாணாம்" என்றாள் மங்கம்மா.

பவானிக்குக் கண் நிறைந்துவிட்டது. மாலையைக் கழற்றப் பிடரிக்குக் கையைக் கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது. கழற்றித் திருப்பிப் பார்த்தாள்.

பவானி மூன்று வருடமாகப் பாரிமுனைக் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே முத்துமாலை கோத்துக் கொடுக்கிறாள். மாலையின் இரண்டு முனையையும் சேர்க்க மற்ற பெண்கள் சாதா முடிச்சு போடுவார்கள். வலை பின்னும் வீட்டில் பிறந்த பவானிக்கு வலைமுடிச்சுதான் கைக்கு வரும். கடைக்காரர் எத்தனை திட்டியும் மாறவில்லை.

"சாமி, இத யாரு கோத்தது?"

"நானேதான் மகளே. இமயமலையில்."

"இமயமலைல எந்தப் பனில வல போட்டுகினு இருந்தீங்க? இது வலமுடிச்சு. என் முடிச்சு. போன மாசம் எங்க வூட்ல டிவி முன்னால குந்திகினு நான் கோத்தது. மாலைக்கு எட்டு ரூபா கூலி!"

சித்தர் அசரவில்லை. "கோத்தது யாராக இருந்தால் என்ன? உரித்தது கிரகம்!"

கூட்டம் தலையாட்டியது. ஆமாம், அதுவும் சரிதானே!

பவானி மாலையை மூக்கருகே கொண்டுபோனாள். "கிரகத்துக்கு நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி வாசன வருதே! சந்தனத்தக் கலந்து மறைச்சுக்கீறாரு. அது பட்டா பிளாஸ்டிக் முத்து தோலுரியும்னு மால கோக்குற எல்லாருக்கும் தெரியும்."

சித்தரின் பக்கத்தில் இரண்டு செம்பு இருந்தது. பவானி ஒரு புது மாலையை எடுத்து, அவர் முன்னால் இருந்த காணிக்கை உண்டியலுக்குப் போட்டாள். வலது செம்பைக் கவிழ்த்துத் துடைத்தாள். முத்து தோலுரிந்து பல்லை இளித்தது.

"உண்டியலுக்கும் தோஷமா சாமி? அதுக்கு எப்ப கண்ணாலம்?"

இன்னொரு மாலையைத் தன் கழுத்தில் போட்டு இடது செம்பை ஊற்றித் துடைத்தாள். முத்து ஜம்மென்று மின்னியது. "அதே பொண்ணு. அஞ்சு நிமிசத்துல தோஷம் பூட்ச்சா?"

திருமுருகன் முன்னால் வந்தான். "அம்மா, கண்ணாலம் நடக்கும். சாமி, நீ வா. உன் கழுத்துல ஊத்திப் பாக்கலாம்."

சித்தர்கள் மறைந்துபோவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பின்படிக்கட்டு வழியாக மறையப் பார்த்தார். நாலு பேர் சேர்ந்து பிடித்ததும் செந்தமிழ் கழன்று விழுந்தது. "யோவ், கைய வுடுய்யா! நானும் இந்த ஏரியாதான்யா!" போலீஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

மங்கம்மா பவானியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்ச்சிக்கம்மா. வஞ்சிரம் வாங்கினா செவுளத் தூக்கிப் பாக்குறவ நானு. இவன அப்டியே நம்பிட்டேனே! கடல்னாலே எனக்கு பயம்மா."

"பயம் கீதுல்ல அத்தே? அப்போ உங்க புள்ளைய லைஃப் ஜாக்கெட் போட்டுகினு போவச் சொல்லுங்க. அதத் தலகாணியா வெச்சுகினு போட்ல தூங்கறாராம்!"

திருமுருகன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டம் சிரித்தது. வரிசையில் முதலில் நின்ற ஓர் அம்மாள் மட்டும் கவலையோடு கேட்டாள்: "அப்போ இனிமே தோஷத்த வேற யாருகிட்டப் பாக்குறது?"

மக்களே, கழுத்தில் என்ன வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஒரு தலையும் இருக்கிறது. அதையும் அவ்வப்போது உபயோகித்துப் பாருங்கள்.