நடுத்தெருவில் நான் கட்டிய கோயில்

ஒரு பெரிய கம்பெனியை நம் போனிலிருந்து துரத்திவிட்டால், அதுவரை அது பார்த்த வேலை நம் தலையில் விழும். இதை நான் பெண் பார்க்கப் போன அன்று, பவானிபூரில் ஒரு டாக்சிக்குள் வியர்த்துக்கொண்டே கற்றேன்.

கொல்கத்தாவுக்கு ஐ.டி. வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஞானம் பிறந்திருந்தது. நான் எங்கே போகிறேன், என்ன தின்கிறேன் என்பதெல்லாம் கடல் கடந்த கம்பெனிக்கு எதற்கு? (அம்மாவுக்கே முழுசாகத் தெரியாது.) கம்பெனி மெயில், கம்பெனி மேப் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, பொதுமக்களே சேர்ந்து வரைகிற இலவச மேப்பைப் போட்டுக்கொண்டேன். அதில் யாரும் எதையும் குறிக்கலாம். லீவு நாளெல்லாம் தெருத்தெருவாக அலைந்து நானும் குறித்துத் தள்ளினேன்.

பெண்ணின் அப்பாவும் தமிழர்தான்; பவானிபூரில் மளிகைக் கடை. என் பெற்றோர் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். அன்று இரவே அவர்களுக்கு ரயில். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் வாசலைத் தாண்டாவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்பது அம்மாவின் சட்டம். எனக்கோ பெண்ணைப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது.

ஒரு சந்து முனையில் டிரைவர் நேரே கைகாட்டி, “தாதா, சோஜா?” என்றார். அண்ணே, நேராகவா என்று அர்த்தம்.

“நேரே போகாதீங்க, அடைச்சிருக்கு” என்றேன் என் ஓட்டை இந்தியில். மேப் அப்படித்தான் காட்டியது. சுற்றினோம். திரும்ப அதே முனை.

“ஏல, அந்த ஆட்டோ நேராத்தானல போவுது?” என்றார் அப்பா.

“அவன் தப்பாப் போறான்ப்பா.”

மீண்டும் சுற்றினோம். மீண்டும் அதே முனை. அம்மா மணி பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

“பழைய மேப்பப் போட்டுத் தொலையேம்ல.”

“அது நம்மள வேவு பாக்கும்ப்பா.”

“பாக்கட்டும்ல. பாத்துட்டு வழி சொல்லும்லா?”

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பட்டுச்சேலையில், போட்டோவில் பார்த்த அதே முகம்.

“பால்கனியில இருந்து பாத்துட்டே இருக்கோம். எதுக்குச் சுத்திச் சுத்திப் போறீங்க? இந்தச் சந்துல மூணாவது வீடுதான்.”

“இது அடைச்சிருக்குங்க” என்று சாட்சிக்குப் போனை நீட்டினேன்.

அவள் மேப்பைத் தட்டிப் பார்த்தாள். “இங்க தெருவ அடைச்சுக் கோயில் இருக்குன்னு போட்டிருக்கு. துர்கா பூஜைக்குக் கட்டுன பந்தல் அது, முடிஞ்சதும் பிரிச்சிட்டாங்க. எந்தப் புண்ணியவான் குறிச்சான்?” இன்னொரு தட்டு. திரையில் வந்த பெயரைப் படித்தாள். நிமிர்ந்தாள். “உங்க பேராட்டமே இருக்கு.”

என் பேர்தான். மூங்கிலும் துணியுமாகத் தெருவை அடைத்து அரண்மனை மாதிரி நின்ற அந்தப் பந்தலை, வந்த புதிதில் நிரந்தரக் கோயில் என்று நம்பிக் குறித்த புண்ணியவான் நானே.

பிறகு ஓட்டம். அம்மா பூத்தட்டோடு எல்லோரையும் முந்திப் போய் வலது காலை வைத்தாள். ராகுகாலம் வாசலோடு நின்றுவிட்டது.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் மாமனார் கடைக்குப் புதிதாக யார் வந்தாலும், “இவர்தான் கோயில் கட்டுன மாப்பிள்ளை” என்றே என்னை அறிமுகப்படுத்துகிறார். அவர்களும் பக்தியோடு கும்பிட்டு, எந்த ஊரில் கட்டினேன் என்று விசாரிக்கிறார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி சொல்லிவிடுகிறாள்: “இங்கதான், நடுத்தெருவுல.”