பன்னெண்டு நீல மூடி டப்பா

கண்ணாடியே போடாத ஒருத்தன் இருவது வருசமா, "அடடா, கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேனே"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்னா அவன் யாரா இருக்கும்? நான்தான். கல்யாணப் பத்திரிகைய நீட்டுனா, "நீயே வாசி மாப்ள, ஒன் வாயால கேட்டாத்தான் எனக்குத் திருப்தி"ன்னுருவேன். பஸ் ஸ்டாண்டுல போர்டப் பாக்கவே மாட்டேன். டிரைவர் மூஞ்சியப் பாத்து, "அண்ணாச்சி, திருவேங்கடம் போற வண்டிதான?"ன்னு கேப்பேன். விசயம் இதுதான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூணாங்கிளாஸ்ல எனக்கும் எழுத்துக்கும் சண்டை. நான் வெளிய வந்துட்டேன், அது உள்ளேயே இருந்துக்கிட்டு.

அதனால பெருசா ஒண்ணும் நட்டமில்ல. சங்கரன்கோவில்ல பரோட்டா மாஸ்டருக்கு என்ன எழுத்து வேண்டிக்கெடக்கு? மாவுக்குக் கண்ணு தெரியாது, கல்லுக்குக் காது கேக்காது, எனக்கு எழுத்து தெரியாது. மூணு பேரும் நல்லாத்தான் பொழச்சோம்.

வம்பு வந்தது பொண்டாட்டி ரூபத்துல. பேரு கோமதி. (எங்க ஊருல சாமி பேரத்தான் எல்லாருக்கும் வைப்பாக. கல்ல விட்டெறிஞ்சா ஒண்ணு கோமதி மேல விழும், இல்ல என்ன மாதிரி ஒரு சங்கரன் மேல விழும்.) வாசுதேவநல்லூர்க்காரி. கல்யாணம் ஆகும்போது பன்னெண்டாப்பு முடிச்சிருந்தா. "மேல படிக்கணும்"னா. "படி தாயி"ன்னேன். நான் இங்கன பரோட்டா அடிக்க அடிக்க, அவ அங்கன மனையியல் படிச்சா. படிச்சு முடிச்சு பொம்பளப்பிள்ளைக பள்ளிக்கூடத்துல டீச்சராவும் ஆயிட்டா. தற்காலிக வேலைதான். வருசா வருசம் நீட்டிச்சாத்தான் உண்டு.

நான் 'கொஞ்சம்' படிச்சவன்னு அவ நெனச்சுக்கிட்டு இருந்தா. ஏன்னா தெனமும் காலையில பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்ல. படத்தப் பாப்பேன். மிச்ச நியூசு டீக்கடையில கேட்டுட்டு வந்து, "பேப்பர்ல போட்டுருக்கான் கோமு"ன்னு அவகிட்ட விடுவேன்.

இது நடந்து ஏழெட்டு வருசம் இருக்கும். பதினொண்ணாப்புப் பிள்ளைகளுக்கு, இருக்கிற வெறகு, தண்ணி, நேரத்த வச்சு ஒரு குடும்பத்த எப்படி ஓட்டணும்னு பாடம் நடத்திக்கிட்டு இருந்துருக்கா. டப்பாவுக்கெல்லாம் பேரெழுதி ஒட்டணும்னும், வீட்டு வேலைய ஆம்பள பொம்பள பங்கு போட்டுச் செய்யணும்னும் சொல்லிருக்கா. ஒரு வாயாடிப் பிள்ளை எந்திரிச்சு, "டீச்சர், ஒங்க வீட்டுல சார் சமைப்பாங்களா?"ன்னு கேட்டுட்டு. இவ ரோசத்துல, "தெனமும் அவுகதான் சமைப்பாக"ன்னு அடிச்சு விட்டுட்டா.

(கடையில நான் மாஸ்டர். வீட்டுல விருந்தாளி. எங்க வீட்டு உப்பு எங்கன இருக்குன்னு கேட்டா எனக்குச் சத்தியமாத் தெரியாது.)

அது போகட்டும். அடுத்த வாரம் அதிகாரி ஒருத்தங்க பாடத்தப் பாக்க வாராங்கன்னு தகவல் வந்துச்சு. அவங்க எழுதுறத வச்சுத்தான் இவளுக்கு அடுத்த வருசம் வேலை உண்டா இல்லையான்னு முடிவு. பிள்ளைக எல்லாம் சேந்து, "அன்னைக்கு சாரக் கூட்டிட்டு வாங்க டீச்சர், சமைச்சுக் காட்டட்டும்"னு பிடிவாதமா நின்னுருக்காளுவ.

"என்னங்க, மானத்தக் காப்பாத்துங்க. ஒரே அடுப்பு, ஒரு வாளித் தண்ணி, ஒரு மணி நேரம். சோறும் ரசமும் போதும்"னா.

"ஏட்டி, ஆயிரம் பரோட்டா போட்டவனுக்கு ஒரு ரசமா பெருசு?"

அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கே சாமானெல்லாம் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. அவ போனப்பொறம் தெரு முக்குல இருந்து போன். "ரசப்பொடிய மட்டும் மறந்துட்டேன். மூணாவது தட்டுல இருக்கு. பேரெழுதி ஒட்டிருக்கேன், பாத்து எடுத்துட்டு வாங்க."

அடுக்களைக்குள்ள போயி நின்னேன். மூணாவது தட்டுல வரிசையா பன்னெண்டு டப்பா. எல்லாம் ஒரே அளவு, எல்லாத்துக்கும் நீல மூடி, எல்லாத்துலயும் வெள்ளைத் தாள்ல அழகா எழுத்து. முந்தியெல்லாம் கருப்பட்டிக் காப்பித்தூள் ஒரு மூடியில்லாத பாட்டில்ல, பருப்பு பிஸ்கோத்து டின்னுலன்னு, எழுத்தே இல்லாம என்னால கூடக் கண்டுபிடிக்க முடியும். பாடம் நடத்துறவ வீட்டுல ஒழுங்கு வேணும்னு போன மாசந்தான் எல்லாத்தையும் மாத்தி அடுக்கிருந்தா. எனக்கு அது அடுக்களையாத் தெரியல, பரீட்சை ஹாலாத் தெரிஞ்சுச்சு.

போன் போட்டு, "எந்த டப்பாட்டி?"ன்னு கேட்டுருந்தா கதை முடிஞ்சுருக்கும். கேட்டா குட்டு வெளிப்பட்டுருமே! ஒவ்வொண்ணாத் தெறந்தேன். மூக்குக்கு அன்னைக்கு லீவு. மூணு நாளா ஜலதோசம், ஒரு வாசமும் ஏறல, நாக்குலயும் ருசியில்ல. கண்ணாலதான் பாக்கணும். செவப்பா இருக்கது வத்தல் பொடி. மஞ்சளா இருக்கது மஞ்சப்பொடி. செம்பழுப்பா, நயமா, மெத்துன்னு ஒண்ணு. ஆங், இதுதான் ரசப்பொடி! டப்பாவ எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டுச் சைக்கிள மிதிச்சேன்.

பள்ளிக்கூடத்துல முப்பது பிள்ளைக எந்திரிச்சு, "வணக்கம் சார்!" அப்படின்னதும் எனக்குத் தலை கால் புரியல. அதுவரைக்கும் என்ன எல்லாரும் கூப்பிட்டது, "மாஸ்டர், ரெண்டு கொத்து!" கோமதி அதிகாரிய அழைச்சிட்டு வரப் போயிட்டா. நான் வேலைய ஆரம்பிச்சேன். அரிசி ஒரு கொதி வந்ததும் எறக்கி, அவ சொல்லிக் குடுத்த மாதிரி வைக்கோல் பெட்டிக்குள்ள பானைய வச்சு மூடுனேன். சூட்டுலயே வெந்துரும், வெறகு மிச்சம். பெறகு புளியக் கரைச்சேன், தக்காளியப் பிசைஞ்சேன்.

டப்பாவத் தூக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுனேன். பேர் தெரியிற மாதிரியே பிடிச்சுருக்கேன் பாருங்க, என் கெரகம்! "இதுதான் எங்க வீட்டு ரகசியம்!"

ஒரு பிள்ளை மெதுவா, "சார், இதப் போயா ரசத்துல போடுவீங்க?"ன்னு கேட்டுச்சு.

"தெனமும் இதுதான் பாப்பா! இது இல்லாட்டி ஒங்க டீச்சருக்குச் சோறு எறங்காது!"

மூணு கரண்டி போட்டேன். பிள்ளைக தலையக் குனிஞ்சு நோட்டுல எழுதுச்சுக. ஆகா, நம்ம பேச்சையும் எழுத்துல ஏத்துதாளுவளேன்னு எனக்கு ஒரே புல்லரிப்பு. ரசம் மட்டும் நுரை கட்டாம, மழைக்குப் பெறகு கண்மாய்த் தண்ணி கெடக்குமே, அந்த நெறத்துல கெடந்துச்சு. புளி கூடிப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அதிகாரியம்மா வந்தாங்க. கண்டிப்பான மொகம். சோத்துப் பானையத் தெறந்து பாத்து, "நல்லா வெந்திருக்கே"ன்னாங்க. கோமதி மொகத்துல வெளிச்சம். ஒரு டம்ளர்ல ரசம் ஊத்திக் குடுத்தேன். ஒரு மடக்கு குடிச்சாங்க. 'நற'ன்னு ஒரு சத்தம். நின்னாங்க. இன்னொரு மடக்கு. மறுபடி 'நற நற'.

"இதுல என்ன பொடி போட்டீங்க?"

"வீட்டுப் பொடிம்மா. கைப்பக்குவம்."

அவங்க மொத பெஞ்சுப் பிள்ளை நோட்ட எடுத்துச் சத்தமா வாசிச்சாங்க. "புளி, எலுமிச்சம்பழ அளவு. தக்காளி, ரெண்டு. புத்துமண்..." நிறுத்தி மூச்சு விட்டாங்க. "...மூணு கரண்டி."

எங்க ஊரு கோயில் புத்துமண் எல்லா வீட்டுலயும் இருக்கும். ஒடம்புல தடிப்பு வந்தா பூசுவோம், ஒரு துளி வாயில போட்டுக்குவோம். ராயகிரில இருந்து சொந்தக்காரங்க வந்தா கேட்டு வாங்கிட்டுப் போவாக. அதனால கோமதி நயமாப் பொடிச்சு ஒரு டப்பா நெறைய வச்சுருப்பா. அதுக்கும் பேரெழுதி ஒட்டிருந்துருக்கா, பாவி மக.

அதிகாரியம்மா நெலமைய நெனச்சுப் பாருங்க. பல்லுல நறநறங்கது மண்ணு, துப்பணும். ஆனா அது சாமி பிரசாதம், துப்பக் கூடாது. கண்ண மூடி முழுங்கிட்டு, பழக்க தோசத்துல கன்னத்துலயும் போட்டுக்கிட்டாங்க.

"தெரிஞ்சும் ஏன்மா யாரும் சொல்லல?"

வாயாடிப் பிள்ளை எந்திரிச்சு, "சார் தெனமும் போடுவேன்னாங்க மேடம். டீச்சர் வீட்டுல பக்தி ஜாஸ்தி போலன்னு இருந்துட்டோம்."

அதிகாரி என்னப் பாத்தாங்க. "இவ்வளவு பெருசா எழுதியிருக்கே, நீங்க பாக்கலையா?"

கண்ணாடிக் கதை நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. அதுக்குள்ள கோமதி முன்னால வந்து, "நான்தான் மேடம் பேர மாத்தி ஒட்டிட்டேன். என் தப்பு"ன்னா. நான் படிக்காதவன்னு தெரிஞ்சு சொல்லல. புருசன் முப்பது பிள்ளைக முன்னால முழிக்கானேன்னு சொன்னா. பேர் ஒட்டுறதும் அவ நடத்துன பாடந்தான! அதுலயே தப்புன்னா வேலை அன்னைக்கே போச்சு.

பரோட்டாக் கல்லுல கைய வச்சாக் கூட எனக்கு அப்படிச் சுட்டதில்ல.

"இல்லம்மா. அவ சரியாத்தான் ஒட்டிருக்கா. எனக்குத்தான் படிக்கத் தெரியாது."

ஒருத்தரும் சிரிக்கல. அதுதான் தாங்க முடியல, சிரிச்சுருந்தா நானும் கூடச் சேந்து சிரிச்சுட்டுப் போயிருப்பேன்.

அதிகாரியம்மா டப்பாவையே திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பெறகு பிள்ளைக பக்கம் திரும்பி, "சரி. இப்படி ஒருத்தர் ஒங்க வீட்டுல இருந்தா என்ன செய்வீங்க?"ன்னாங்க. அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்துதாளுவ. "மூடிக்கு வேற வேற கலர், மேடம்!" "மூடி மேல ஒரு மொளகு ஒட்டணும்!" "படம் வரையணும்!" வாயாடி மட்டும், "சாருக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்துரணும்"னா. அதிகாரி அதையும் குறிச்சுக்கிட்டாங்க. அடுத்த வருசம் கோமதிக்கு வேலை இருந்துச்சு.

வீட்டுல அன்னைக்குச் சாயங்காலம் அவ கேட்டா: "பதினாலு வருசமா பேப்பர்ல என்னத்தத்தான் பாத்தீக?"

"படம் பாத்தேன்."

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போட மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்"ன்னா பாருங்க, சொல்லி வாய மூடல, அவளுக்கே சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துட்டு. கண்ணுல தண்ணி வர வர சிரிச்சோம். அப்பமும் அவ ஒரு வார்த்தை, ஏன் எங்கிட்ட மறைச்சீகன்னு கேக்கல.

மறுநாள் அந்தப் பன்னெண்டு டப்பாவையும் எம் முன்னால எறக்கி வச்சு எழுத்துக் கூட்டச் சொன்னா. கடுகு, சீரகம், மல்லின்னு அடுக்களையிலதான் நான் படிச்சு ஏறுனேன். இத எழுதுறதும் அந்தக் கைதான், பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க.

எங்க மக தங்கம் அப்போ நாலாப்பு. பிள்ளைக சொன்ன மாதிரி ஒவ்வொரு டப்பாவுலயும் படம் வரைஞ்சு ஒட்டுனா. பருப்புக்குப் பருப்பு, மொளகுக்கு மொளகு. புத்துமண்ணுக்கு என்ன வரையன்னு ரொம்ப யோசிச்சுட்டு, பெரிய மீசை வச்சு என் மூஞ்சிய வரைஞ்சுட்டா.

இப்போ எனக்கு எல்லாப் பேரும் வாசிக்கத் தெரியும். படமெல்லாம் கிழிச்சாச்சு. அந்த ஒண்ண மட்டும் கிழிக்க விட மாட்டேங்காளுவ ஆத்தாளும் மகளும். ராயகிரில இருந்து கோமதியோட அண்ணன் புத்துமண் கேட்டு வந்தா, வாசல்ல செருப்பக் கழட்டும்போதே சத்தம் குடுப்பாரு: "ஏட்டி தங்கம், ஒங்கப்பன் மூஞ்சில ஒரு கரண்டி பொட்டலம் கட்டு!"