புள்ளி எட்டு

சிரிக்கக் கூடாது, சிரித்தால் காரியம் கெட்டது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எதிரே கணவன், அவள் இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று காட்டும் பரிசோதனைத் தாளை விளக்கருகே தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

"புள்ளி எட்டா? ஒரு பர்சென்ட் கூட இல்லையேடி!"

அவன் செல்போன் ரிப்பேர் கடைக்காரன். லித்தியம் என்றால் அவனுக்கு பேட்டரி. பேட்டரி என்றால் நூறு. அவளுக்கோ அது தினசரி மாத்திரை. உலோகங்களிலேயே மிக லேசானது அதுதானாம். ஒரு நாள் கூரைமேலும் மறுநாள் கிணற்றுக்குள்ளும் கிடந்த அவள் மனத்தை, ஒரே ஒரு தடவை தவிர, ஐந்து வருடமாகத் தரையில் நிறுத்தி வைத்திருப்பதும் அதுதான். புள்ளி எட்டு அவளுக்குக் கச்சிதமான அளவு என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார்.

சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. நாத்தனார் வீட்டார், பதினோரு பேர், விருந்து. போன தடவை அந்த விருந்துக்காக மூன்று நாள் தூக்கம் போய், பின்னாலேயே புத்தியும் கிளம்பிவிட்டது. அது வீடு திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று.

வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு மாத்திரை போட்டா ஏறிடுமா?"

"டாக்டர் சொன்னதுக்கு மேல ஒண்ணு கூடக் கூடாது."

"அப்ப செலவக் குறைக்கணும். படு. பேசாத. பேச்சுதான் சார்ஜ ரொம்ப இழுக்கும்."

விளக்கை அணைத்துவிட்டுத் தங்கைக்கு போன் போட்டான். "அண்ணிக்கு சார்ஜே இல்லம்மா. ஞாயித்துக்கிழமை வராதீங்க."

நாத்தனார் அண்ணன் சொல்லைத் தட்டாதவள். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாள், பதினோரு பேருமாக.

"அண்ணிக்கு முடியலன்னா நாங்க வேடிக்கையா பாத்துக்கிட்டிருப்போம்?"

வேறு வழியில்லாமல் அவனே சமையலில் இறங்கினான். சோறு அடியில் கரி, மேலே அரிசி. சூப்பில் உப்புக் கூடிவிட்டதென்று தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் கூடிவிட்டதென்று உப்புப் போட்டான். இதற்குள் புகை படுக்கையறைக்குள் புகுந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க! லித்தியம் சூடேறக் கூடாது!"

மெத்தையோடு சேர்த்து அவளைக் கூடத்துக்கு இழுத்து வந்தான். பதினோரு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நாத்தனாரின் கடைக்குட்டிப் பெண் குனிந்து கேட்டாள்:

"அத்தை, தண்ணில விழுந்த போன மாமா அரிசிக்குள்ள போட்டு வைப்பாரே, உங்களையும் போடுவாரா?"

அவள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். உடம்பெல்லாம் குலுங்கியது.

"ஐயோ அண்ணா, அண்ணி வைப்ரேஷன்ல இருக்காங்க!" என்று நாத்தனார் அலறினாள்.

அந்தப் பதற்றத்தில் நாத்தனார் ஒரு கரண்டி சூப்பையும் வாயில் விட்டுக்கொண்டாள். அடுத்த கால் மணியில் எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். "அண்ணி நல்லாத் தேறட்டும். விருந்த அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வீடு அமைதியானது. சமையலறையில் அவன் பாத்திரம் சுரண்டும் சத்தம் மட்டும். மூன்று நாள் தூக்கம் பிழைத்தது என்று அவள் கண்ணை மூடினாள். போன் அடித்தது. இரத்தப் பரிசோதனை நிலையத்துப் பெண்.

"அக்கா, அடுத்த டெஸ்ட் மூணு மாசம் கழிச்சுதான். சாருக்கு இப்ப நிம்மதிதானே? ரிப்போர்ட் வாங்கினப்பவே, 'புள்ளி எட்டு ரொம்பச் சரியான அளவுதானே'ன்னு மூணு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுப் போனாரே!"

அவள் போனை மெல்ல வைத்தாள்.

கதவருகே அவன் தலை நீட்டினான். மூக்கில் கரி, உதட்டோரத்தில் அடக்கி வைத்த ஏதோ ஒன்று.

"இப்ப எவ்வளவு ஏறியிருக்கு? ஒரு டீ போடற அளவுக்கு?"

"இல்ல," என்றாள் அவள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு.