மேற்கே நீளும் கை

கைகாட்டி மரத்துக்குக் காலும் நாக்கும் முளைத்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசையா? ஆற்றங்கரை ஊர் எதற்காவது போங்கள்; இந்த இனத்தில் ஒருவராவது அகப்படுவார். ஆற்றில் நுரையா? அவர் கை மேற்கே நீளும். கெண்டை குறைந்துவிட்டதா? அதே கை, அதே மேற்கு. தண்ணீர் மேற்கிலிருந்துதானே வருகிறது, அப்படியென்றால் பாவமும் அங்கிருந்துதானே வரவேண்டும்!

நாச்சியாபுரம் பக்கத்து அருளானந்தம் வாத்தியார் இந்த இனத்தில் உயர்ந்த ஜாதி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம், வீட்டில் மனு. மேற்கே காளவாசல்காரன் கரையை வெட்டிச் செங்கல் அறுக்கிறான், அதற்கும் மேற்கே அரிசி மில்காரன் நெல் அவித்த தண்ணீரைத் திறந்துவிடுகிறான் என்று கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எழுதுவார். ஆற்றோரம் அவருக்கும் ஒரு கத்தரித் தோட்டம் உண்டு. கரையில் நாணல் சும்மாதானே நிற்கிறது என்று அதை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர் விளிம்புவரை நாலு பாத்தி கூட்டிப் போட்டிருந்தார். ஆக்கிரமிப்பா? சேச்சே! மேற்கே இருக்கிறவன் செய்தால்தான் அது ஆக்கிரமிப்பு.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அவருக்கு ஒரு யோகம் அடித்தது. பங்குனி முடிவில் ஆற்று மடுவில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். ஒரு பெரிய மனுஷர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. அந்த மரியாதை இந்தத் தடவை வாத்தியாருக்கு! இருபது வருஷம் ஏங்கியது. புதுத் துண்டு வாங்கி, நீலம் போட்டு அலசி, கண்ணாடி முன்னால் நின்று வீசிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் எத்தனை தடவ வீசுவீக? மின்விசிறியே தேவலை" என்றாள் மனைவி அடைக்கலமேரி.

மீன்பிடிக்கு முதல் நாள் காலையில் மடுக் காவல்காரன் பொன்னழகு ஓடிவந்தான். "சார், மோசம் போயிட்டோம்! மீனெல்லாம் வயித்தைக் காட்டி மிதக்குது!"

கை தானாக எழுந்தது. "மேக்கே இருக்கிறவன் வேலைடா! வா, இன்னைக்கு விடுறதில்ல!"

இருவரும் கரையோரமே நடந்தார்கள். காளவாசல்காரன், "நானா? மில்லுல போய்க் கேளுங்க" என்று மேற்கே கைகாட்டினான். மில்காரனும் மேற்கே கைகாட்டினான். வாத்தியாருக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. மில்லுக்குக் கீழே தண்ணீர் நாறியது, காளவாசலுக்குக் கீழே கலங்கியது. மீன் குறைச்சல்தான், ஆனாலும் இருந்த மீன் உயிரோடிருந்தது.

"பிறகு எங்கிட்டுத்தான் சாகுது?" என்று தண்ணீரைப் பார்த்தபடியே திரும்பினார்கள். கத்தரித் தோட்டம்வரை கெண்டை துள்ளியது. தோட்டத்தைத் தாண்டியதும் வெள்ளை வெள்ளையாக வயிறுகள்.

பொன்னழகு தயங்கினான். "சார், நேத்து மருந்து அடிச்சீகளா?"

அடித்தார். அடித்துவிட்டு, மிச்சத்தை ஆற்றில் கொட்டி, மருந்து மிஷினை மூன்று தடவை அலசினார். சுத்தக்காரர் அல்லவா! பாத்தியிலிருந்து வழிந்த மருந்தைத் தடுத்து நிறுத்த நாணலும் இல்லை.

"இன்னும் மேக்கே போவமா சார்?"

வாத்தியார் மடுவைப் பார்த்தார். அங்கே நின்று பார்த்தால் அவர் தோட்டமும் மேற்கேதான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நான்தான் அப்பவே சொன்னேன்ல பொன்னழகு, மேக்கே இருக்கிறவன் வேலைன்னு!"

மறுநாள் ஊர் கூடியது. எல்லார் காதிலும் விழ, "மீனைக் கொன்னது நான்தான், யாரும் தின்னுறாதீக" என்று சொல்லிவிட்டு, வாத்தியார் மடுவில் இறங்கினார். வெள்ளைத் துண்டை வீசவில்லை. விரித்து, செத்த மீனை அள்ளினார்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனாலும் வீட்டுச் சாக்கடை எங்குட்டுப் போகிறதென்று ஒரு தடவை கூடவே நடந்து பாருங்கள். இதை எழுதுகிறவன் வீட்டுச் சாக்கடையா? அதை விடுங்கள். முதலில் எங்கள் மேற்கு வீட்டுக்காரரைக் கேளுங்கள்.