மேசையை விட்டு எழாத மகா பயணம்

புது உலகத்தைக் கண்டுபிடித்த கொலம்பஸிடம் ஒரே ஒரு குறை இருந்தது. அவரிடம் சரியான திட்டம் இல்லை. கிளம்பும்போது எங்கே போகிறோம் என்று தெரியாது; போய்ச் சேர்ந்த பிறகு எங்கே வந்திருக்கிறோம் என்றும் தெரியாது. ஸ்பெயின் தேசத்துக்கு நேர்ந்த இந்தக் களங்கத்தை ஐந்நூறு ஆண்டுகள் கழித்துத் துடைத்த பெருமை, சமோரா மாகாணத்தின் மேற்கு மூலையில் இருக்கும் வில்யார்தெகோ என்னும் சிற்றூரையே சேரும். ஸ்பெயின் முழுவதையும் சுற்றிப் பார்க்க அவ்வூரார் ஒரு திட்டம் தீட்டினார்கள். நான்கு ஆண்டுகள் தீட்டினார்கள். கத்தியைத் தீட்டியிருந்தால் இந்நேரம் பிடிதான் மிஞ்சியிருக்கும்.

"அகில ஸ்பெயின் பல்பிரதேசச் சுற்றுலா ஆயத்தக் குழு" என்பது அந்த அமைப்பின் பெயர். பெயர் வைப்பதற்கே முதல் வசந்த காலம் செலவாயிற்று. தலைவர் தோன் பிலிபெர்தோ, ஊர் மன்ற அலுவலகத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவியில் இருந்தபோது, சதுக்கத்து நீரூற்று பழுதானதும் கூட்டம் மேல் கூட்டமாக நடத்தி, கடைசியில் நீரூற்று தானாகவே ஓடத் தொடங்கியபோது அதற்கு முறைப்படி அனுமதியும் வழங்கியவர். இப்படிப்பட்ட நிர்வாகி வேறு எந்த ஊருக்கும் வாய்த்ததில்லை. வேறு எந்த ஊரும் கேட்டதும் இல்லை.

குழு வியாழக்கிழமைதோறும் நிகாசியோவின் மதுக்கடையில் மதிய உணவோடு கூடும். உணவு முடிந்ததும் 'சோப்ரெமேசா'. அதாவது, தட்டுகளை எடுத்த பிறகும் மேசையை விட்டு எழாமல், காப்பியும் பேச்சுமாக உட்கார்ந்திருப்பது. அங்கே முதலில் எழுந்திருப்பவர் மரியாதை தெரியாதவர். ஆகவே வில்யார்தெகோவில் யாரும் முதலில் எழுந்ததில்லை. எல்லாரும் இரண்டாவதாகவே எழுவார்கள். முதலாவதாக இருட்டு வரும்.

இந்தக் குழுவில் காசில்தாவும் ஓர் உறுப்பினர். ஊரில் ஒரே முடிதிருத்தும் கடை அவளுடையது. தலைவரின் தலையே அவள் கையில்தான் இருந்தது என்றாலும், குழுவில் அவள் பேச்சு எடுபட்டதில்லை. அவள் சேர்ந்ததற்கு ஒரே காரணம் அவளுடைய அக்கா ஓப்துலியா. கல்யாணமாகி விகோ நகரத்துக்குப் போனவள். முழங்கால் வலியால் அவளால் வர முடியவில்லை; திட்டத்தால் இவளால் போக முடியவில்லை. பயணத்தின் கடைசி ஊராக விகோவைச் சேர்க்கச் சொல்லி, காசில்தா தலைவருக்கு ஓராண்டு காதோர முடியை இலவசமாகக் கத்தரித்திருக்கிறாள்.

"தனியாப் போயிட்டு வந்துடுறேனே, தோன் பிலிபெர்தோ. ரெண்டே நாள்," என்று ஒருமுறை கேட்டும் பார்த்தாள்.

"விதி பதினொண்ணு, காசில்தா! பயணத்துல வர்ற எந்த இடத்தையும் முன்கூட்டியே பார்த்தவங்களுக்கு பஸ்ஸுல இடம் கிடையாது. ஏன் தெரியுமா? அவங்களுக்கு ஆச்சரியம் வராது. பக்கத்துல உக்காந்தவரோட ஆச்சரியமும் கெட்டுப்போகும்."

"நான் ஆச்சரியப்படுற மாதிரி நடிச்சுக்கிறேன்."

"நடிப்புக்கு விதி பன்னெண்டு இருக்கு."

இனி திட்டத்தின் நுட்பத்தைப் பார்ப்போம். செவில்யாவைக் கோடையில் பார்க்க முடியாது, வெயில். குளிர்காலத்தில் பார்க்கலாம், ஆனால் வெயில் இல்லாத செவில்யா ஒரு செவில்யாவா? ஆகவே வெயில் உள்ள, ஆனால் சுடாத ஒரு தேதியைக் கண்டுபிடிக்கத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. பாம்ப்லோனாவில் காளைகள் ஆட்களைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடும் நாளில் போகலாம் என்று தேனீ வளர்க்கும் பாசிலியோ சொன்னார். தாம் எக்காரணம் கொண்டும் ஓடப்போவதில்லை என்றும், காளைகள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவர் குறிப்பு எழுதச் சொன்னார். வலென்சியாவில் அரிசிச் சோற்றில் சோரிசோ என்னும் பன்றித் தொத்திறைச்சியைப் போடுவது பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று முன்னெச்சரிக்கைத் தீர்மானம் நிறைவேறியது. வலென்சியாக்காரர்களுக்கு அது தெய்வ நிந்தனை; உயிரோடு திரும்ப வேண்டுமே!

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வழிச்சாப்பாடு. வெளியூர்த் தண்ணீரையும் ரொட்டியையும் நம்ப முடியாது என்பதில் அவ்வளவாகக் கருத்து வேறுபாடு இல்லை. பதினேழு பிரதேசங்களையும் வில்யார்தெகோ ரொட்டியையே தின்றுகொண்டு பார்ப்பது என முடிவாயிற்று. ஆனால் கூடவே எடுத்துப்போகும் உருளைக்கிழங்கு முட்டை அடையில் வெங்காயம் போடுவதா, வேண்டாமா?

"வெங்காயம் இல்லாத அடை அடையே இல்ல. அது வெறும் முட்டைக்கு வந்த வீக்கம்!" என்றார் நிகாசியோ.

"வெங்காயம் போட்டா ஏழு மணி நேரத்துல ஊசிப்போகும். அப்புறம் பஸ்ஸுக்குள்ள பதினேழு பிரதேசமும் மணக்கும்," என்றார் பாசிலியோ.

இதில் குழு உடைந்துபோகும் நிலை வந்தது. அப்போது தலைவர் தம் வாழ்நாளின் மகத்தான தீர்ப்பை வழங்கினார். பேருந்தின் வலப்பக்க இருக்கைகள் வெங்காயத்தாருக்கு, இடப்பக்கம் வெங்காயமில்லாதாருக்கு, நடுவில் இருக்கும் நடைபாதை 'நடுநிலைப் பகுதி'. எந்தப் பக்கம் நல்ல காட்சி தெரியும் என்பதில் புது வழக்கு கிளம்பி, அதற்கு இன்னொரு இலையுதிர் காலம் போயிற்று.

பிறகு நேர அட்டவணை. காலை உணவு பதினொன்று வரை. பன்னிரண்டுக்குள் அருங்காட்சியகம் போய்த் திரும்ப முடியாது. ஏனென்றால் பன்னிரண்டு மணிக்கு, பசி கிளப்பும் வெர்மூத் மது குடிக்க வேண்டும். அதன்பின் உணவு, சோப்ரெமேசா, தூக்கம், காப்பி, உலாத்தல், இரவு உணவு. இவையெல்லாம் போக, ஸ்பெயினைப் பார்க்க நாளொன்றுக்கு அரை மணி கிடைத்தது. "அது தரமான அரை மணி," என்றார் தலைவர். கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

இந்தப் புனிதமான ஆலோசனைகளுக்கு ஒரே இடைஞ்சல் மீன் வண்டி. விகோத் துறைமுகத்திலிருந்து சுசோ என்பவன் வியாழன்தோறும் மலைதாண்டி வந்து, ஊர் ஊராக மீன் விற்றுவிட்டு, கடைசியாக வில்யார்தெகோவின் சதுக்கத்தில் நின்று நீளமாக ஹாரன் அடிப்பான். சரியாகத் தலைவர் வாய் திறக்கும் நேரம் அது. ஹாரனைக் கண்டித்துக் குழு மூன்று தீர்மானங்கள் போட்டிருந்தது. தீர்மானங்களை அவன் வாங்கி, மீன் சுற்றப் பயன்படுத்தினான்.

காசில்தா மீன் வாங்கப் போகும்போதெல்லாம் அவன் கேட்பான். "என்ன காசில்தாம்மா, வர்றீங்களா? முன் சீட்டு காலியாத்தான் இருக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உங்க அக்கா வீட்டு வாசல்ல இறக்கிவிட்டுடுறேன்."

"போடா. திட்டத்துல இல்லாததெல்லாம் பேசாதே. ஒரு கிலோ நெத்திலி குடு."

நான்காம் ஆண்டு ஆகஸ்டில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏண்டி, செப்டம்பர் ஒண்ணாம் தேதி நான் கிளம்புறேன். பையன் கடல் தாண்டி பியூனஸ் அயர்ஸுக்கே வந்துடுன்னு சொல்லிட்டான். வீட்டை வித்தாச்சு. நீ வரமாட்டேன்னு தெரியும். சும்மா சொல்லி வெச்சேன்."

"வர்றேங்க்கா! இந்த மாசக் கடைசியில பஸ் கிளம்புது. தேதியே குறிச்சாச்சு."

"உங்க ஊர் ஆளுங்க கிளம்புறதா? அந்த பிலிபெர்தோ எங்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்டி. மணி அடிச்சப்புறமும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டான். வாத்தியார் பெஞ்சோட தூக்கி வெளியில வைப்பாரு."

காசில்தாவுக்குக் கோபம் வந்தது. வாதாட ஒன்றும் இல்லாததால் அழுகையும் வந்தது. அன்றே போய்த் தலைவரைப் பிடித்தாள். பயண வரிசையைத் தலைகீழாக்கி விகோவை முதலில் வைக்க முடியாதா என்று கெஞ்சினாள்.

"கடைசியை முதல்ல வெச்சா அப்புறம் முதலை எங்க வைக்கிறது?" என்று தலைவர் கேட்டார். இதற்கு இன்றுவரை யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அவர் இரக்கமுள்ளவர். "கவலைப்படாதே, காசில்தா. பஸ் கிளம்பிட்டா போதும், வழியில பேசிக்கலாம்," என்று வாக்குக் கொடுத்தார்.

ஆகஸ்டு மாதத்தின் கடைசி வியாழன். சமோராவிலிருந்து பேருந்து காலையிலேயே வந்து சதுக்கத்தில் நின்றது. காசில்தா பெட்டியோடு முதல் ஆளாக வந்தாள். ஆனால் நெடுந்தூரம் போகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது வழக்கமா? நிகாசியோ கடையில் வழியனுப்பு விருந்து. போகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். வழியனுப்ப இருப்பவர்கள் மிகச் சிலரே, என்றாலும் அவர்களும் வந்தார்கள். ஓட்டுநரும் ஸ்பானியர்தான், கூப்பிட்டதும் மறுக்காமல் வந்து உட்கார்ந்தார். ஆட்டுக்குட்டி வறுவல், அடை (இரண்டு வகை, எதிரெதிர் முனைகளில்), பாலாடைக்கட்டி, காப்பி. பிறகு சோப்ரெமேசா.

"கிளம்பலாமா?" என்று கேட்கக் காசில்தா பலமுறை வாயெடுத்தாள். அதை முதலில் கேட்பவர் மரியாதை கெட்டவராயிற்றே! தலைவர் கேட்பார் என்று ஊர் காத்திருந்தது. ஊரை எழுப்புவது அநாகரிகம் என்று தலைவர் காத்திருந்தார். விருந்தாளி எப்படி முதலில் எழுவது என்று ஓட்டுநர் காத்திருந்தார். பேச்சு கிரானடாவில் தொடங்கி, பார்சலோனா வழியாக, பாசிலியோவின் மூல வியாதிக்கு வந்து சேர்ந்தது. நாட்டில் பாதியைச் சுற்றியாயிற்று.

அப்போது ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"மன்னிக்கணும். என் வேலை நேரம் முடிஞ்சுபோச்சு. சட்டப்படி இனிமே நான் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. நாளைக்கு பஸ் வேற ஊருக்கு."

யாரும் அதிரவில்லை. தலைவர் கண்ணாடிக் குவளையை உயர்த்தினார். "நண்பர்களே! விபத்து இல்லை, வயிற்றுக்கோளாறு இல்லை, பெட்டி தொலைந்ததில்லை. சட்டத்தையும் மதித்திருக்கிறோம். இப்படிக் குறையே இல்லாத பயணத்தை ஸ்பெயின் இதுவரை கண்டதுண்டா?"

"இல்லை!" என்று ஊர் முழங்கியது.

வெளியே நீளமாக ஹாரன் ஒலித்தது.

காசில்தா எழுந்தாள். மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால், முதல் ஆளாக எழுந்தாள். நிகாசியோ கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது.

"காசில்தா! எங்கே போறே? இன்னும் காப்பி இருக்கு!" என்றார் தலைவர்.

"காப்பி ஆறிப்போய் நாலு வருஷமாச்சு," என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

சுசோ வண்டிக் கதவைத் திறந்துவிட்டான். "மீன் நாத்தம் அடிக்கும், பரவாயில்லையா?"

"வெங்காயத்துக்கு இது தேவலாம். ஓட்டுடா."

மலை தாண்டியதும் கடல் தெரிந்தது. காசில்தா சுசோவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆச்சரியம் கொஞ்சமும் கெட்டிருக்கவில்லை. ஓப்துலியா கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கேடி உங்க குழு?"

"வரலேக்கா. நான் மட்டும்தான்."

"நல்லதாப் போச்சு. ஒரே ஒரு ஆக்டோபஸ்தான் வாங்கி வெச்சிருக்கேன்." சொல்லிக்கொண்டே கட்டிப்பிடித்தாள். "ச்சீ, ஏண்டி இப்படி மீன் நாத்தம் அடிக்குது உம்மேல!" என்றாள். ஆனாலும் விடவில்லை.

மறுநாள் மதியம் அக்காவும் தங்கையும் ஆக்டோபஸை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. தோன் பிலிபெர்தோ. பின்னணியில் காப்பிக் கோப்பைகளின் சத்தம் கேட்டது.

"காசில்தா, குழு அவசரமாக் கூடியிருக்கு. கடைசி ஊரை நீ முதல்லயே பார்த்துட்டே. விதி பதினொண்ணு என்னாகுறது? எங்க ஆச்சரியம் என்னாகுறது? அடுத்த வியாழன் மீன் வண்டியிலயே திரும்பி வந்துடு. முறைப்படி இங்கேருந்து எங்ககூடக் கிளம்பலாம். இதுக்கு வெங்காயத்தாரும் கை தூக்கிட்டாங்க, வெங்காயமில்லாதாரும் தூக்கிட்டாங்க."

வில்யார்தெகோவின் சுற்றுலா ஆயத்தக் குழு ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அதுதான்: ஊரை விட்டுக் கிளம்பிய ஒரே ஆளைத் திரும்பி வரச் சொல்லும் தீர்மானம்.