பால் பிடிக்கும் பருவத்தில் பெண் பார்க்க வந்தவருக்கு

அபிஷேகப்பாக்கம்,
சித்திரை 9.

கரையாம்புத்தூரில் மதிப்போடு வாழும் தணிகைவேல் அண்ணன் சமூகத்துக்கு, சாமிக்கண்ணு கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சம்சாரம் காசம்மாளும் மகள் செல்வகுமாரியும் நலம். பூச்சிகளும் நலம். உங்கள் வெள்ளைச் சட்டையின் வாடை போய்விட்டதா என்று அறிய ஆவல். என் போன் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் கடிதம் போடவேண்டியதாயிற்று.

அண்ணே, பெண் பார்க்க வந்த இடத்தில் "சகுனம் சரியில்ல, எல்லாரும் கெளம்புங்க" என்று எழுந்துவிட்டீர்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போய் நொந்திருக்கிறேன். இந்த முறை என் மகளுக்கு உங்கள் பையன் அரிகரனைப் பிடித்தும்விட்டது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை, பெற்றவனுக்குத் தெரியாதா? ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தப்பு என்மேல்தான். தை மாதம் ஊரே ஒரு வாரத்தில் நடவை முடித்தது. நான் மட்டும் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் கழித்து மூன்று வாரம் தள்ளி நட்டேன். செல்வகுமாரி விவசாயம் படித்தவள். "பூச்சி பஞ்சாங்கம் பாக்காதுப்பா" என்று அப்போதே சொன்னாள். கேட்டேனா? இந்தக் கதிர்நாவாய்ப்பூச்சி இருக்கிறானே, வயலில் கதிர் இல்லாத காலத்தில் வரப்புப் புல்லில் குடித்தனம் நடத்துவானாம். நெல் பூத்ததும் உள்ளே வந்து இலைமேல் வரிசையாக முட்டை வைப்பானாம். ஒரு வாரத்தில் குஞ்சு, அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் இறக்கை. மணியில் பால் இருக்கும்வரை உறிஞ்சிவிட்டு, மணி முற்றியதும் பக்கத்து வயலுக்கு நடையைக் கட்டுவானாம். அப்படி ஊர் வயலெல்லாம் முற்றியபோது பாலோடு நின்றது என் ஒன்றரைக் காணி மட்டும்தான். ஊர்ப் பூச்சி மொத்தமும் என் வயலில் பந்திக்கு உட்கார்ந்துவிட்டது.

நீங்கள் வருவதற்கு நல்ல நேரம் பார்த்தவனும் நான்தான். மாலை ஆறே முக்கால். வயலோரத்து வீடு இருட்டாக இருந்தால் மரியாதையாக இருக்காதே என்று சவுண்டு சர்வீஸில் சொல்லி இரண்டு ஃபோகஸ் லைட்டும் வாசல் முழுக்க சீரியல் பல்பும் கட்டினேன். புடவை கட்டிக்கொண்டிருந்த மகள் உள்ளேயிருந்து, "லைட்ட நிறுத்துப்பா! பூச்சியெல்லாம் வெளிச்சத்துக்கு வூட்டுக்குள்ள வந்துரும்!" என்று கத்தினாள். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் இன்னா பேச்சு என்று அதட்டினேன். அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள், கேசரி வந்தது, கதிர்நாவாயும் பரிவாரத்தோடு வந்தான். உங்கள் தோளில் உட்கார்ந்ததை நசுக்காதீர்கள், நாறும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், என் வாய்க்குள் ஒன்று போய்விட்டது. நீங்கள் நசுக்கிவிட்டீர்கள். "இன்னாங்க இது, பொண்ணு வூட்ல மூட்டப்பூச்சி நாத்தம் அடிக்குது!" என்று உங்கள் வீட்டம்மா முந்தானையால் மூக்கை மூடியதும் எனக்கு உயிரே போய்விட்டது.

ஒன்று மட்டும் யோசியுங்கள் அண்ணே. அவன் பதரில் உட்கார மாட்டான். பால் ஏறிய கதிர் எங்கேயோ அங்கேதான் வருவான். அத்தனை பேர் வந்தார்கள் என்றால் என் வீடு எவ்வளவு செழிப்பு! இதைப் போய்க் கெட்ட சகுனம் என்கிறீர்களே, நியாயமா? அடுத்த பட்டம் ஊரோடு சேர்ந்தே நடுகிறேன். வரப்புப் புல்லை இன்றைக்கே வெட்டுகிறேன். கதிர் முற்றியதும் இன்னொரு தடவை வாருங்கள், பட்டப்பகலில். உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

உங்கள் வீட்டில் களஞ்சியம் குறையாமல் எல்லாரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று வேண்டும்,
சாமிக்கண்ணு.

பி.கு.: கடிதத்தை முடித்துவிட்டுப் புல் வெட்ட வரப்புக்குப் போனேன். அங்கே உங்கள் பையன் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, கையில் வலையோடு நிற்கிறார். நாலு நாளாக வருகிறாராம். "பூச்சி எண்ணுறேன் மாமா" என்கிறார். செல்வகுமாரி பக்கத்தில் நின்று நோட்டில் எழுதுகிறாள். எண்ணிக்கையையா என்று எட்டிப் பார்த்தேன், கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் பட்டியல். உங்கள் பெயர் ஏழாவதாக இருக்கிறது. ஆகவே மேலே நான் கெஞ்சியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.