விழவில்லை என்றார் கார்டு மாமா

பதுளை ரயிலில், அது நிற்கும் முன்னே இறங்குவதற்கு எங்கள் கார்டு மாமாவை விட்டால் உலகத்தில் ஆளில்லை. ரயில்வேக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர்.

ஸ்டேசனில் இறங்கினால், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்கு வெகுதூரம் திரும்பி நடக்க வேண்டும். லயத்துக்கு மேலே ஒரு வளைவு. ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்கும். எல்லோரும் அங்கேயே இறங்குவோம். முதலில் பை, பிறகு ஆள். "இப்ப எறங்கு!" என்று மாமாதான் குரல் கொடுப்பார். அதனால்தான் கார்டு.

ஒருமுறை கையில் தேத்தண்ணியோடு இறங்கினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பெண் பார்க்க வந்தவர்களையும் அங்கேதான் இறக்கினார். மாப்பிள்ளையின் தகப்பன் வந்து சேர்ந்தார். வேட்டி ரயிலோடு போய்விட்டது. கதவில் தொங்கிப் போட்டோ எடுக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கண்டால் சத்தம் போடுவார். "தொங்கத் தெரியாட்டி உள்ள போயி உக்காரு!"

ஒரு மழை நாள். வளைவில் எஞ்சின் பலமாகக் குலுங்கியது. உள்ளே நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். மாமா கதவுப் படியில் நின்றார். சக்கரத்தில் வலது கால் போனது.

ரயில்வேயிடம் நட்டஈடு கேட்டோம். கிடைத்தால் அவர் மனைவி பொன்னம்மா அத்தை கொழுந்து பறிக்கப் போக வேண்டியதில்லை. அத்தைக்கு முழங்கால் வீக்கம்.

வக்கீல் சொல்லிக் கொடுத்தார். "எஞ்சின் குலுங்குச்சு, விழுந்தேன்னு சொல்லுங்க. போதும்."

"கால்தானே போச்சு, வாய் இருக்குல்ல. ஒழுங்காச் சொல்லுங்க" என்றார் அத்தை.

பதுளையில் விசாரணை. நானும் போனேன்.

"எஞ்சின் குலுங்குச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க."

"அதுல விழுந்தீங்களா?"

மாமாவின் முகம் மாறியது. "விழுறதா? நான் எறங்குனேங்க."

"ஓடுற ரயில்லருந்து எறங்க யாரு சொன்னது?"

"யாருங்க சொல்லணும்? எங்க லயம் அங்கதானே இருக்கு."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவராகத் தேடிக்கொண்டது, ஒன்றும் கிடையாது என்று முடித்தார்கள்.

வெளியே வந்ததும் அத்தை கேட்டார். "எனக்காக ஒருக்கா விழுந்திருக்கக் கூடாதா?"



அன்று ஸ்டேசனில்தான் இறங்கினோம். மாமாவை முதுகில் தூக்கிக்கொண்டு தண்டவாள ஓரமாக நடந்தேன். அத்தை திரும்பிப் பார்க்காமல் முன்னால் போனார். விடிந்தால் மலைக்குப் போக வேண்டும்.

மாமா என் காதில் சொன்னார். "அன்னைக்கு விழுந்துதான்டா போனேன்."

அவர் நழுவாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.